ஒரே பெயரில் இரண்டு ரத்தம்

முனீஸ்வரிக்குப் பொய் சொல்ல வராது என்று ராஜபாளையத்தில் அவளோடு பஞ்சாலையில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் சொல்வார்கள். மிஷின் நின்றால் மேஸ்திரி வந்து கேட்பதற்குள், நான்தான் கவனிக்கவில்லை என்று அவளே முன்னால் போய் நிற்பாள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவளிடம் இருந்தது ஒரே ஒரு பொய். அதைப் பதினைந்து வருஷமாகச் சோறு ஊட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்துக்கொண்டிருந்தாள். சிவரஞ்சனி அவள் பெற்ற பிள்ளை இல்லை. தங்கை யுவராணி பெற்றுக் கொடுத்த பிள்ளை.

நடந்தது இதுதான். முனீஸ்வரிக்கும் இருளப்பசாமிக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. போகாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. விசேஷ வீட்டில் குங்குமச் சிமிழோடு வருகிறவள்கூட இவளைத் தாண்டிப் போய் அடுத்தவளிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் யுவராணியை வத்திராயிருப்பில் சொந்தத் தாய்மாமன் ராக்கப்பனுக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவோடு கூடப்பிறந்த கடைசித் தம்பி. உரிமை விட்டுப்போகக் கூடாது என்று செய்த கல்யாணம். இரண்டு பெண்கள் பிறந்து, மூன்றாவதும் வயிற்றில் இருந்தபோது, அது எதுவானாலும் அக்காவுக்கு என்று பேச்சு முடிந்துவிட்டது.

கொடுப்பதுதான் கொடுக்கிறோம், நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று முனீஸ்வரிதான் அந்த யோசனையைச் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. அங்கே யுவராணியைச் சேர்க்கும்போது பேர் முனீஸ்வரி, கணவர் பேர் இருளப்பசாமி, ஊர் ராஜபாளையம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் முகச்சாடை ஒன்று. நர்ஸ் முனீஸ்வரி என்று கூப்பிடும்போதெல்லாம் யுவராணி, "இந்தா இருக்கேன்" என்று வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். கோர்ட்டு இல்லை, தத்துப் பத்திரம் இல்லை. முனீஸ்வரி பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் வந்து இறங்கியது. குலசாமி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, பிள்ளைக்கு இது ஒருநாளும் தெரியாது என்று நாலு பேரும் சத்தியம் செய்தார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்று முனீஸ்வரி நினைத்தாள்.

பாவம், அவள் அந்தப் பிள்ளையைச் சும்மா வளர்க்கவில்லை. தரையில் விட்டால் எறும்பு கடிக்கும், தலையில் வைத்தால் பேன் கடிக்கும் என்று வளர்த்தாள். யுவராணி ஊருக்கு வந்து பிள்ளையை மடியில் தூக்கி வைத்தால் போதும், முனீஸ்வரிக்கு அடுப்படியில் கை ஓடாது. செத்த நேரம் பொறுத்துப் பார்ப்பாள். பொறவு பால் குடிக்கணும், தூங்கணும் என்று ஏதாவது சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். யுவராணிக்கும் அது தெரியும்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது சிவரஞ்சனி பொழுது சாய்ந்தால் தட்டுத்தடுமாற ஆரம்பித்தாள். வாசலில் கிடக்கிற செருப்புத் தெரியாது, வாளி தெரியாது. மாலைக்கண் என்று சொல்லி ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையுமாக ஒரு வருஷம் போனது. கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கண்ணாடி போட்டுவிட்டார். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போன அன்று, இருட்டுகிற நேரத்தில் ரதவீதியில் அம்மா கையை விட்ட பிள்ளை, இரண்டடி தள்ளி நின்ற அம்மாவைக் காணாமல் அலறியது. முனீஸ்வரி கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறாள். பிள்ளை நேராக அவளைப் பார்த்துக்கொண்டே அழுகிறது. அன்றைக்குத்தான் இது ஈரலில் தீர்கிற சமாச்சாரம் இல்லை என்று உறைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாதத்தின் முதல் சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வரும். பரம்பரையாக வருகிற கண் நோய்களை மட்டும் பார்க்கிற குழு. சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, வரிசையாகப் படம் எடுத்து முடித்த டாக்டர் வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்ததும் பிள்ளையை வெளியே உட்காரச் சொன்னார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம், அதுவும் வருஷா வருஷம் சுருங்கும் என்று சொன்னார். கண்ணாடியோ ஆபரேஷனோ உதவாது. இது ரத்தத்தில் வருவது என்று அவர் சொன்னார். பிள்ளைக்குப் பார்வை போகப்போகிறது என்று அழ வேண்டிய நேரத்தில், எங்கே குட்டு உடையப்போகிறதோ என்றுதான் முனீஸ்வரி முதலில் பயந்தாள். அதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ நாள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

குழுவில் எப்சி என்று ஒரு பெண். சத்திரப்பட்டிக்காரி, பேச்சு நம்ம பேச்சு. பரம்பரை நோய்க்காரக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, வம்சப் படம் வரைவது அவள் வேலை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. பேனாவை வைத்துக்கொண்டு, "சொந்தத்துலயா கட்டுனீக, அசலா அக்கா?" என்று கேட்டாள்.

"அசல்தான்" என்றாள் முனீஸ்வரி. அவளுக்கும் இருளப்பசாமிக்கும் ஏழு தலைமுறைக்கு ஒட்டுறவு கிடையாது. அந்த வகையில் பார்த்தால் அது சத்தியமான வார்த்தை. எப்சி ஒற்றைக் கோடு போட்டாள். இருளப்பசாமி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிற மனுஷன், வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம்.

மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு மூன்று பேருக்கும் என்று கேட்டதற்கு எப்சி மில் பாஷையிலேயே விளங்க வைத்தாள். முனீஸ்வரிக்கு நூற்பு மிஷினில் வேலை. நூறு நூறாக நூல் சுற்றுகிற கதிர் ஓடும். எதில் நூல் அறுகிறதோ அதைத் தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும். எந்தக் கதிர் என்று தெரியாமல் ஒட்ட முடியுமா? இந்த நோய்க்கும் காரணமாக முந்நூறு மரபணு இருக்கிறது, எதில் பிசகு என்று தேடணும். கண்டுபிடித்தாலும், இந்தப் பிசகுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் அது அம்மாவிடம் ஒரு பாதி, அப்பாவிடம் ஒரு பாதி இருக்க வேண்டும். முனீஸ்வரிக்கு நன்றாக விளங்கியது. விளங்கிக்கொண்டேதான் கையை நீட்டினாள்.

ஐந்து மாதம் கழித்து எப்சி போன் செய்தாள். பிள்ளையின் ஒரு மரபணுவில் இதுவரை எங்கேயும் பார்க்காத ஒரு பிசகு இருக்கிறது, அதுவும் இரண்டு பக்கத்திலும் அச்சு அசலாக ஒரே பிசகு என்றாள். சொந்தத்தில் கட்டிய வீடுகளில்தான் பெரும்பாலும் அப்படி வருமாம். ஆனால் அம்மா ரத்தத்திலும் அது இல்லை, அப்பா ரத்தத்திலும் இல்லை. சொல்லிவிட்டு எப்சி குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, எங்கிட்ட மட்டும் எதுவும் சொல்லணும்னா சொல்லுங்க. புள்ளைக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. படத்துல ஒரு கோட்ட மாத்திப் போடுவேன், அம்புட்டுதான்."

மில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று முனீஸ்வரி அதைக் கேட்டாள். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்தோடு தீர்ந்திருக்கும். பாழாய்ப்போன மனசு விட்டால்தானே? இன்றைக்கு ஒருத்தியிடம் சொன்னால் நாளைக்கு ஒரு தாளில் ஏறும், நாளை மறுநாள் பிள்ளை கண்ணில் படும், பெற்றவள் உயிரோடு வத்திராயிருப்பில் இருக்கிறாள் என்று தெரிந்த பிள்ளை பஸ் ஏறிவிடும் என்று மளமளவென்று மனசு ஓடியது. "உங்க ஆளுகதான் குப்பிய மாத்திருப்பாக" என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்ல வராதவள் சொன்ன பொய், எப்சி நம்பிவிட்டாள். இவள் பேச்சைக் கேட்டு அங்கே பரிசோதனைச் சாலையில் யார் யாரையெல்லாமோ விசாரித்தார்களாம்.

அடுத்த தை மாதம் எப்சி நேரிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிள்ளைக்குப் பிசகு இருக்கிற அதே மரபணுவுக்கு ஒரு சிகிச்சை ஆராய்ச்சி ஆரம்பிக்கிறது என்றாள். கெட்டுப்போன மரபணுவுக்குப் பதில் நல்லதை ஒரு கிருமியின் கூட்டுக்குள் வைத்து, ஊசியால் விழித்திரைக்கு அடியில் செலுத்துவார்கள். இந்தியாவில் பன்னிரண்டு பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். போன பார்வை திரும்பி வரும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் இருக்கிறது நிற்கலாம். பட்டுப்போன பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாது, வாடின பயிருக்குத்தான் பாய்ச்ச முடியும், அதனால் நடுவட்டம் இன்ன அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று விதி. சிவரஞ்சனிக்கு இன்றைய தேதியில் அந்த அளவு இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பெற்றவர்கள் ரத்தத்தில் அந்தப் பிசகு பாதிப் பாதி இருக்கிறது என்று காட்ட வேண்டும். இன்னொரு தடவை ரத்தம் கொடுங்கள் என்றாள்.

எப்சி போனதும் இருளப்பசாமி வாயைத் திறந்தார். "சொல்லிருவோம் முனீசு."

"சொன்னா போயிருவா."

"போகமாட்டா."

"நீங்க கண்டீகளா?" என்று கேட்டாள் முனீஸ்வரி. "ஒன்னு கேட்டுக்கிடுங்க. அவ என்னையப் பார்த்து, நீ யாருன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டான்னா நான் அந்த நிமிசமே செத்தேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். முனீஸ்வரி விடிய விடிய யோசிக்கவெல்லாம் இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்துக்குள் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. பழைய வழிதான். அன்றைக்குப் பேரை மாற்றிக் கொடுத்தோமே, குடியா முழுகிப்போச்சு? யாராவது ஒரு ஆள் கண்டுபிடித்தானா? அதையே இன்னொரு தடவை செய்தால் பிள்ளைக்குக் கண்ணும் கிடைக்கும், தனக்குப் பிள்ளையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டாள். ஒருதரம் ஓடின குதிரையையே மறுபடியும் நம்பினாள்.

மில்லில் லீவு கிடைக்கவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் வர முடியாது என்று எப்சியிடம் சொன்னாள். அவளும் நம்பி, ராஜபாளையத்திலேயே ரத்தப் பரிசோதனைக் கடையில் வேலை பார்க்கிற ஒருவரை வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். ஜோயல் என்று பேர். அவர் வருகிற நாளில் முனீஸ்வரி சிவரஞ்சனியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, இருளப்பசாமியை லோடு ஏற்றப் போகச் சொல்லிவிட்டாள். யுவராணியும் ராக்கப்பனும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். யுவராணிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் அழுதாள். பிள்ளைக்கு இந்தக் கதி தன் வயிற்றிலிருந்து போனது என்று தெரிந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, எம்புட்டு வேணும்னாலும் எடுக்கச் சொல்லு. ஆனா இந்தத் தடவை என் பேரையே சொல்லிருவோமே" என்றாள்.

"ஏட்டி, சூடம் அணைச்சது மறந்து போச்சா?" என்று கேட்டாள் முனீஸ்வரி.

ஜோயல் ஆதார் நகலை வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. முனீஸ்வரி அம்மா யாரு என்று கேட்டார். யுவராணி பதினாலு வருஷத்துக்கு முந்தி சொன்ன மாதிரியே, இந்தா இருக்கேன் என்று கையை நீட்டினாள். அடுத்து இருளப்பசாமி பேரில் ராக்கப்பன் கையை நீட்டினார். முனீஸ்வரி அடுப்படியிலிருந்து ஜோயலுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு மாதத்தில் ரிசல்ட் வந்தது. அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி, கச்சிதமாகப் பொருந்துகிறது என்று எப்சி போனில் கத்தினாள். அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிவரஞ்சனி தான் கல்லூரிக்குப் போய் என்ன படிக்கப்போகிறாள் என்று பேச ஆரம்பித்தாள். ஹாஸ்டல், கோயம்புத்தூர், தனியாக ரயில் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். முனீஸ்வரி ஆண்டாள் சந்நிதியில் நின்று, தாயே, உன்னையும் துளசிக்காட்டில் கண்டெடுத்துத்தானே வளர்த்தார்கள், உனக்குத் தெரியாததா, என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தாய் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சித்திரையில் எப்சி அவளை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச் சொன்னாள். டாக்டரும் இருந்தார். சிகிச்சை கொடுக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் யாரையும் சும்மா நம்புவதில்லை. பரிசோதனைச் சாலைக் கிட்டங்கியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய குப்பியையும் புதுக் குப்பியையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முனீஸ்வரி என்று இரண்டு குப்பி, இருளப்பசாமி என்று இரண்டு குப்பி. ஒரே பேர், ஒரே ஆதார் எண், உள்ளே வேறு வேறு ஆள். முதல் தடவை மாறியதா, இரண்டாம் தடவை மாறியதா, வேண்டுமென்றே மாற்றினார்களா என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

முனீஸ்வரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிரசவ ஆஸ்பத்திரி, சூடம், காபி கொடுத்தது வரைக்கும் சொன்னாள். சொல்லிவிட்டு, இப்போதான் உண்மை தெரிந்துவிட்டதே, இனி ஊசி போடலாமே என்று பரிதாபமாகக் கேட்டாள்.

எப்சி கோபத்தில் பேனாவை மேஜைமேல் போட்டாள். "நான் அன்னைக்கே கேட்டேன்ல அக்கா? ஒரு கோடுன்னு சொன்னேன்ல? இப்ப அந்தப் புள்ளைக்கு யாரு கையெழுத்துப் போட? பெத்தவகளுக்குச் சட்டப்படி அவ புள்ள இல்ல. உங்களுக்குப் பொறப்புச் சான்றிதழே பொய்."

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். கண்ணுக்குள் புதிதாக ஒரு மருந்தைச் செலுத்துகிற காரியம், மைனர் பிள்ளை, சம்மதம் கொடுக்கிறவர்கள் யார் என்றே தெரியாமல் நெறிமுறைக் குழு அனுமதிக்காது. கோர்ட்டுக்குப் போய்ப் பிறப்புப் பதிவைத் திருத்தி, முறையாகத் தத்து எடுத்து, எல்லோரிடமும் புதிதாக ரத்தம் எடுத்து வாருங்கள், இடம் ஒன்றை முடிந்தவரை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன் என்றார். பிள்ளைக்கும் உண்மையைச் சொல்லி அவளும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஜோயலுக்கு அந்த வாரமே வேலை போய்விட்டது என்று முனீஸ்வரி பின்னால் கேள்விப்பட்டாள். காபி குடித்துவிட்டு, நல்லாருக்கும்மா என்று சொல்லிப்போன மனுஷன்.

கோர்ட்டு வேலை பற்றித் தெரியாதவர்கள் யார்? ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும் பத்திர ஆபீசுக்கும் பதிவாளர் ஆபீசுக்கும் நாலு பேரும் மாறி மாறி நடந்தார்கள். பழைய ஆஸ்பத்திரி இல்லை, அதன் டாக்டரம்மா காலமாகிவிட்டார், நோட்டுகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கள் பொய்யைத் தாங்களே நிரூபிக்க ஒரு சாட்சி கிடைக்காமல் அலைந்தார்கள். அப்படியும் மார்கழிக்குள் எல்லாம் முடிந்திருக்கும். பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்கிற ஒன்றைத்தான் முனீஸ்வரி தள்ளிக்கொண்டே போனாள். அரையாண்டுப் பரீட்சை என்றாள், பொங்கல் முடியட்டும் என்றாள், பத்தாம் வகுப்புப் பெரிய பரீட்சை எழுதட்டும் என்றாள். மூன்று மாதம் அப்படிப் போனது. சிவரஞ்சனி பரீட்சை ஹாலில் கேள்வித்தாளின் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக, விரலை வைத்துத் தேடித் தேடிப் படித்து எழுதினாள்.

பரீட்சை முடிந்த மறு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைசிச் சோதனை. கோர்ட்டுத் தாள் பையில் இருந்தது. சோதனை முடிந்ததும் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்வது, அவள் கையெழுத்தை வாங்குவது என்று ஏற்பாடு. காலையிலிருந்து சாயந்தரம் வரை பார்த்தார்கள். நடுவட்டத்தை அளந்தார்கள், மறுபடி அளந்தார்கள், எப்சி மூன்றாம் தடவையும் அளக்கச் சொன்னாள். விதியில் சொன்ன அளவில் பாதிகூட இல்லை. போன வருஷம் தை மாதம் இருந்தது; இப்போது இல்லை. பட்டுப்போயிற்று. டாக்டர், வேறு ஆராய்ச்சிகள் வரும், நம்பிக்கையை விட வேண்டாம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். எப்சி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையெழுத்துப் போட வேண்டிய தாளை யாரும் எடுக்கவில்லை. அது பையிலேயே இருந்தது.

அம்மாவும் மகளும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பால்கோவாக் கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். சிவரஞ்சனிக்கு அந்த விளக்குகள் மட்டும் தெரியும், அதற்குக் கீழே நிற்கிற மனுஷர்கள் தெரியாது. இருக்கையின் விளிம்பைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். முனீஸ்வரி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைக்குத் தெரியாது என்கிற தைரியத்தில் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

போன வருஷமே எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னவர்கள் எதற்காக ஒரு வருஷம் இழுத்தார்கள் என்று சிவரஞ்சனி கேட்டாள். தாள் வரவில்லை, தாள் வரவில்லை என்று சொன்னாயே, அப்படி என்ன தாள் என்று கேட்டாள். இன்னொரு பொய் சொல்ல முனீஸ்வரியிடம் தெம்பு இல்லை. சொல்ல ஆரம்பித்தாள். "ரஞ்சனி, நான் உன்னையப் பெக்கல. உன் சித்திதான்..."

"தெரியும்மா" என்றாள் பிள்ளை.

முனீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்பு லீவில், வத்திராயிருப்பில் சித்தி மகளுக்குச் சடங்கு வைத்தபோது, பந்தியில் இரண்டு பேர் இவள் காதுபடவே பேசிக்கொண்டார்களாம். ராத்திரி சித்தியிடம் கேட்டாளாம். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டுச் சித்தி அழுதாளாம், அதிலேயே தெரிந்துவிட்டதாம். ஐந்து வருஷமாகத் தெரியும்.

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. எனக்கு நீதான அம்மா, கேட்டு என்ன செய்ய?"

பிறகு சிவரஞ்சனி விரல் மடக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறாள் என்று முனீஸ்வரிக்குத் தெரிந்தது. எப்சி அக்கா வம்சப் படம் வரைந்த அன்றைக்கு நீ சொல்லவில்லையா என்று கேட்டாள். இல்லை. ரிசல்ட் வந்து அவள் போன் செய்தபோதும் சொல்லவில்லையா? இல்லை. நான் பள்ளிக்கூடம் போனபோது சித்தி வந்துவிட்டுப் போனது உன் பேரில் ரத்தம் கொடுக்கவா? ஆமாம். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் போன வருஷமே ஊசி போட்டிருப்பார்களா? முனீஸ்வரி ஆமாம் என்றாள். எல்லாக் கேள்விக்கும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"எனக்குக் கண்ணு போனாலும் பரவாயில்லைன்னு இருந்துட்டியா?"

"அப்படி இல்ல தாயி. நீ என்னைய விட்டுட்டுப் போயிருவேன்னு பயந்துட்டேன்."

சிவரஞ்சனி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். அம்மா முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பக்கத்துக் கடையின் விளக்கைப் பார்த்தபடி கேட்டாள். "இனிமே நான் எங்கம்மா போக?"

கோபமாகக் கேட்டிருந்தால் முனீஸ்வரி தாங்கியிருப்பாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிள்ளை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. கோயம்புத்தூர், ஹாஸ்டல், ரயில் எல்லாம் அவள் நாக்கில் இருந்த நாட்கள் ஒவ்வொன்றாக முனீஸ்வரிக்கு ஞாபகம் வந்தன. ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. சிவரஞ்சனி எழுந்து நின்று, வேறு வழியில்லாமல், அம்மா இருக்கிற பக்கம் கையை நீட்டினாள்.